துன்மார்க்கனின் தராசு
ஜான் பன்யனின் 1680ஆம் ஆண்டு நூல் பற்றிய ஒரு திறனாய்வு

ஜான் பன்யன் இயற்றிய "மோட்சப் பிரயாணம்" தமிழ்த் திருச்சபையிற் பெற்றுள்ள இடத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதனைத் தழுவி "இரட்சணிய யாத்திரிகம்" என்னும் பெருங்காப்பியத்தை 1894இல் நமக்கு அளித்தார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அவநம்பிக்கை என்னும் உளையையும் மாயாபுரிச் சந்தையையும் அறிவர். ஆயினும், மோட்சப் பிரயாணத்தின் முதற்பாகம் 1678இல் வெளிவந்த பின், இரண்டாம் பாகம் 1684இல் தோன்றுமுன், அதே பன்யன் 1680இல் வெளியிட்ட மற்றொரு நூல் நம்மிடையே அந்த இடத்தை எய்தவில்லை. ஒரு தீய மனிதனின் வாழ்வையும் மரணத்தையும் கூறும் அந்நூலின் தலைவனைத் தமிழில் "துன்மார்க்கன்" என்று அழைப்போம். பரலோகம் நோக்கிச் செல்லும் பயணியைப் பற்றி எழுதியபின், அதற்கு எதிர்த்திசையிற் செல்வோனின் கதையையும் எழுதுவது பொருத்தமெனத் தமக்குத் தோன்றியதாக ஆசிரியரே முன்னுரையில் விளக்குகின்றார்.

அவர் அவ்வாறு கூறினும், இவ்விரு நூல்களும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் அல்ல என்பதே நம் கருத்து. மோட்சப் பிரயாணம் உருவகம். அதன் பயணி மனைவி மக்களையும் வீட்டையும் விட்டுக் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். அவன் எத்தொழில் செய்தான், யாருக்குக் கடன்பட்டிருந்தான் என்பவற்றை நாம் அறியோம். அறியவேண்டிய தேவையும் அக்கதையில் இல்லை. துன்மார்க்கனோ எங்கும் பயணம் போகவில்லை. அவன் தன் ஊரிலேயே கடை வைத்திருக்கின்றான், கணக்குப் புத்தகம் எழுதுகின்றான், பெண்ணெடுக்கின்றான், வழக்காடுகின்றான், நோயுறுகின்றான். தூய வாழ்வைப் பற்றிப் பிரசங்கிக்கும் நமக்கு இவ்விரண்டாம் நூல் முதல் நூலைக் காட்டிலும் சங்கடமானது. அதனாலேயே அதனைப் படிக்க வேண்டும் என்கின்றோம்.

நூலின் அமைப்பு எளிமையானது. ஞானவான், கவனமுள்ளோன் என்னும் இருவர் ஒரு மரத்தடியில் அமர்ந்து உரையாடுகின்றனர். துன்மார்க்கன் இறந்துவிட்டான், அவன் வாழ்க்கையை ஞானவான் கூற, மற்றவர் வினாக்களை எழுப்புகின்றார். சிறு வயதிலேயே பொய், திருட்டு, ஆணையிடுதல் ஆகியவற்றிற் பழகியவன், நல்ல எஜமானிடம் தொழில் பழக விடப்பட்டும் திருந்தாதவன், ஆலயத்தில் உறங்குபவன். தந்தை தந்த முதலைக் கரைத்தபின், பக்திமான் போல் நடித்துப் பொருளும் பக்தியும் உடைய ஓர் அநாதைப் பெண்ணை மணக்கின்றான். மணம் முடிந்ததும் வேடத்தைக் களைகின்றான். இவ்வளவும் எந்த நீதிக் கதையிலும் காணக்கூடியதே. நூலின் உயிர்நிலை இதற்குப் பின்னர் வரும் பகுதியில், அதாவது துன்மார்க்கனின் வாணிகத்தைப் பற்றிய நீண்ட உரையாடலில், அமைந்துள்ளது.

பன்யன் அங்கே என்ன செய்கின்றார் என்பதை நிதானமாகக் கவனிக்க வேண்டும். துன்மார்க்கன் கடன் பெறும் அளவுக்குப் பெற்று, பின்னர் தான் திவாலாகிவிட்டதாக அறிவிக்கின்றான். நம்மூர் வழக்கிற் சொன்னால் மஞ்சள் கடுதாசி கொடுக்கின்றான். கடன் கொடுத்தோரிடம் ஆள் அனுப்பிக் கண்ணீர் வடிக்கச் செய்து, ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டு கணக்கைத் தீர்க்கும்படி இணங்கவைக்கின்றான். மறைத்து வைத்த மிச்சம் அவனுக்கு இலாபம். இவ்விடத்தில் கவனமுள்ளோன் எழுப்பும் வினா சிறந்தது: நேர்மையான மனிதனும் நொடித்துப் போவதுண்டே, அவன் என்ன செய்வது? ஞானவானின் விடையில் ஒரு போதகரின் அனுபவம் தெரிகின்றது. தன் நிலை இறங்குவதை உணர்ந்தவன் நாள் கடத்தாமல் கடன்காரரிடம் தானே செல்லவேண்டும். உள்ளதனைத்தையும் மறைக்காமல் அவர்முன் வைக்கவேண்டும். தன் வீழ்ச்சிக்குக் காரணம் தன் சோம்பலா, ஆடம்பரமா, அல்லது தன் கைக்கு மீறிய நிகழ்ச்சியா என்று தேவ சமுகத்தில் ஆராயவேண்டும். வறுமைக்கும் வஞ்சகத்துக்கும் இடையே அவர் இவ்வளவு தெளிவாகக் கோடு கிழிக்கின்றார். ஏழ்மையையே பாவமாகக் கருதும் செழிப்புப் போதனைகள் மலிந்த இந்நாளில் இப்பகுதியை இறையியல் மாணவர் கவனிப்பது நலம்.

அடுத்து வருவது தராசு. துன்மார்க்கனிடம் வாங்குவதற்கு ஓர் எடைக்கல், விற்பதற்கு வேறோர் எடைக்கல். கெட்ட சரக்கை நல்ல சரக்கோடு கலப்பதில் அவன் கைதேர்ந்தவன். கூட்டல் கணக்கிலும் பிழை செய்வான். வாடிக்கையாளர் ஏற்கனவே செலுத்திய பணத்தை, ரசீது இல்லையெனத் தெரிந்தால், மறுபடியும் கேட்பான். இவற்றையெல்லாம் எழுதியவர் பெட்ஃபோர்டுக்கு அருகில் எல்ஸ்டோவில் 1628இல் பிறந்து, பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலைத் தந்தைவழியாகப் பெற்றவர். ஊர் ஊராய்ச் சென்று வேலை கேட்டவர். பேரம் பேசியும் பேசப்பட்டும் பழகியவர். உரிமம் இன்றிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்தவர். தாம் கூறும் நிகழ்ச்சிகள் இவ்வுலக மேடையில் நடந்தவை, பல தம் கண்முன்னரே நடந்தவை என்று முன்னுரையில் அவர் உறுதி கூறுவதை நாம் ஐயுற வேண்டியதில்லை. சந்தையின் மணம் இப்பக்கங்களில் வீசுகின்றது.

இவற்றுக்கு அவர் காட்டும் வேத ஆதாரங்களுள் இரண்டினைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். முதலாவது லேவியராகமம் 19:35-36. தராசும், எடைக்கல்லும், மரக்காலும், படியும் உண்மையாயிருக்கவேண்டும் என்னும் கட்டளை அது. இக்கட்டளை எங்கே இருக்கின்றது? இஸ்ரவேலின் பரிசுத்தத்துக்குக் கர்த்தரின் பரிசுத்தமே காரணம் என்று தொடங்கும் அதே அதிகாரத்தின் முடிவில். முதல் வசனங்களுக்கும் கடைசி வசனங்களுக்கும் இடையே, வயலின் ஓரத்தை ஏழைக்கு விடுவது, கூலிக்காரனின் கூலியை இரவு முழுதும் வைத்துக்கொள்ளாதிருப்பது, செவிடனை நிந்தியாதிருப்பது யாவும் வருகின்றன. பரிசுத்தம் என்ற சொல்லை நாம் உபவாசக் கூட்டத்தோடும் கண்விழிப்பு ஜெபத்தோடும் இணைத்துப் பழகிவிட்டோம். மோசேயின் நூலோ அதனை மரக்காலோடு இணைக்கின்றது.

இரண்டாவது 1 தெசலோனிக்கேயர் 4:6. சகோதரனை வஞ்சிப்பதைத் தடுக்கும் இவ்வசனத்தைப் பன்யன் வாணிகத்துக்கே உரியதாகக் கொள்கின்றார். அவர் கையிலிருந்த ஆங்கில மொழிபெயர்ப்பு எந்தக் காரியத்திலும் என்று பொதுப்பட மொழிந்தமையால் அவருக்கு இதில் ஐயம் எழவில்லை. மூலத்திலுள்ள "பிராக்மா" என்னும் கிரேக்கச் சொல் கொடுக்கல் வாங்கலைச் சுட்டுகின்றதா, அல்லது முந்திய வசனங்களிற் பேசப்படும் உடலொழுக்கத்தையே சுட்டுகின்றதா என்பதில் உரையாளர்கள் ஒருமித்த கருத்தினர் அல்லர். இடத்தை நோக்கின் பின்னதே பொருத்தமெனத் தோன்றுகின்றது. எனினும் "மிஞ்சி எடுத்துக்கொள்ளுதல்" என்னும் பொருளுடைய வினைச்சொல்லைப் பவுல் அங்கே ஆளுகின்றார். அது பேராசையைக் குறிக்கும் சொல்லோடு பிறந்தது. ஆகவே பன்யனின் விளக்கம் விளக்கவியல் நோக்கில் வலுவற்றதாயினும், பொருள் நோக்கில் அப்போஸ்தலருக்கு அந்நியமானதன்று. பரிசுத்தமாகுதலைப் பற்றிய ஒரு பகுதியில், பிறனுடையதைப் பறித்தல் பாவமாகக் கண்டிக்கப்படுகின்றது என்பதே இங்கு முக்கியம்.

இதன்பின் ஆசிரியர் எடுக்கும் வினா இன்னும் ஆழமானது. தராசு சரி, சரக்கும் சரி. அப்பொழுது எவ்வளவு மலிவாக வாங்க இயலுமோ அவ்வளவு மலிவாக வாங்கி, எவ்வளவு விலைக்கு விற்க இயலுமோ அவ்வளவுக்கு விற்பது நியாயமா? சந்தை அன்றும் இன்றும் "ஆம்" என்கின்றது. பன்யன் இல்லை என்கின்றார். வாங்குவோனின் அறியாமையையோ, அவனுடைய தேவையின் நெருக்கத்தையோ, ஒரு பொருளின்மேல் அவனுக்குள்ள ஆசையையோ விற்பவன் தன் இலாபத்துக்குக் கருவியாக்கலாகாது. தேவனுக்கு முன் நல்மனச்சாட்சியும், அயலான்மேல் அன்பும், அளவோடு பெறும் அடக்கமும் பேரத்தில் இருக்கவேண்டும். சந்தையில் வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டை முதலியவற்றை மொத்தமாக வாங்கி, காசுக்குக் காசு என்று வாங்கும் ஏழைகளிடம் கொள்ளை விலைக்கு விற்போரையும், அடகு பிடித்துக் கடும் வட்டி வாங்குவோரையும் அவர் பெயர் சொல்லாமற் சாடுகின்றார். கையில் முழுப் பணம் இல்லாதவனே அதிக விலை கொடுக்கின்றான் என்னும் இவ்வுண்மை நமக்குப் புதியதன்று. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட வேண்டியிருந்தது. அவ்வட்டிக்குக் கொடுத்தோருள் நற்கருணை எடுப்போர் ஒருவரும் இல்லை என்று நம் போதகர் எவரும் துணிந்து கூறமாட்டார்.

ஆர். எச். டானி 1926இல் வெளியிட்ட, சமயமும் முதலாளித்துவத்தின் எழுச்சியும் பற்றிய தம் நூலில், ரிச்சர்ட் பாக்ஸ்டரின் 1673ஆம் ஆண்டு ஒழுக்க வழிகாட்டியோடு துன்மார்க்கன் கதையையும் எடுத்துப் பேசுகின்றார். பொருளாதார வாழ்வும் மனச்சாட்சியின் ஆட்சிக்கு உட்பட்டதே என்னும் பழைய கிறிஸ்தவக் கொள்கையின் பிற்காலக் குரல்களாக அவை அவருக்குத் தோன்றின. சீர்திருத்தச் சபையினர் அனைவரும் ஆதாயத்தை ஆசீர்வதித்தவர்கள் என்று மேலோட்டமாகக் கூறுவோருக்கு இந்நூல் தக்க மறுமொழி. வேறு பகுதிகளில் நாம் காணப்போகும் குறைகளால் இச்சிறப்பு மறையாது.

இனிக் குறைகள். முதலாவது, துன்மார்க்கன் பேசுவதில்லை. அவன் இறந்தபின் அவனைப் பற்றி இரு நல்லவர்கள் பேசுகின்றார்கள். பன்யனுடைய முதல் மனைவி சீதனமாகக் கொண்டுவந்த இரு புத்தகங்களுள் ஒன்று ஆர்தர் டென்ட் 1601இல் வெளியிட்ட உரையாடல் நூல். அவ்வடிவத்தையே பன்யன் இங்குப் பின்பற்றுகின்றார். ஆனால் டென்டின் நூலில் நால்வர் உரையாடுகின்றனர். அவர்களுள் ஒருவன் அறியாமையுள்ளவன், மற்றொருவன் எதிர்வாதம் புரிபவன். பாவியின் பக்கம் நின்று பேசவும் அங்கே ஒரு வாய் உண்டு. பன்யன் அவ்விருவரையும் நீக்கிவிட்டார். ஆகவே மரத்தடியில் ஒருமனப்பாடு மட்டுமே நிலவுகின்றது. தாங்கள் எவ்வாறு வாங்கினோம், விற்றோம் என்று ஞானவானோ கவனமுள்ளோனோ ஓரிடத்திலேனும் தங்கள் கணக்கைத் திறந்து காட்டுகின்றார்களா? தேடிப் பார்த்தும் காணவில்லை. தம் பாவத்தை "பாவிகளுள் பிரதானிக்கு அருளப்பட்ட கிருபை" என்னும் தன்வரலாற்றில் அத்துணை வெளிப்படையாக எழுதியவர், இங்கே அயலானின் பாவத்தைப் பற்றிய உரையாடலை எழுதிவிட்டார். பிறர் குற்றத்தைக் கண்டிப்பதும் தூய்மையைத் தேடுவதும் ஒன்றெனச் சபை மக்கள் எண்ணும் ஆபத்துக்கு இவ்வடிவமே இடந்தருகின்றது.

இரண்டாவது குறை, நூலெங்கும் பரவியுள்ள தண்டனைக் கதைகள். ஒன்றைக் குறிப்பிடுவோம். டார்பிஷயரில் ஆஷோவர் என்னும் ஊரில் டாரதி மேட்லி என்பவள் ஒரு பையனின் இரண்டு பென்னிகளைத் திருடிவிட்டு, தான் எடுத்திருந்தால் பூமி தன்னை விழுங்கட்டும் என்று ஆணையிட்டாள். 1660இல் நிலம் பிளந்து அவளை விழுங்கியது என்பது செய்தி. இத்தகைய கதைகளைச் சாமுவேல் கிளார்க் தொகுத்த நூலினின்றும், செவிவழியாகவும் பன்யன் எடுத்துச் சேர்க்கின்றார். இவற்றின் உண்மை பொய்யை ஆராய்வது நம் நோக்கமன்று. ஆனால் இரண்டு பென்னி எடுத்த ஏழைப் பெண்ணைப் பூமி விழுங்குகின்றது. நூற்றுக்கணக்கானோரைத் தராசினால் ஏமாற்றிய துன்மார்க்கனின் கடை இடிந்து விழவில்லை. இந்த ஏற்றத்தாழ்வை ஆசிரியர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. நம் பிரசங்க மேடைகளிலும் இவ்வகைக் கதைகளுக்குக் குறைவில்லை. காணிக்கையைத் தடுத்தவனின் காளை இறந்தது என்பன போன்றவை. இவற்றைக் கேட்டு வளரும் விசுவாசி, தண்டனை வரவில்லையாயின் பாவமும் இல்லை என்று முடிவு கட்டுவதில் வியப்பு என்ன?

மனைவியைப் பற்றிய பகுதியும் நம்மை நிம்மதியாக விடுவதில்லை. அவள் ஆராதனைக்குப் போவதைத் தடுக்கும் கணவனிடம், தனக்குக் கணவன் இருப்பதுபோலத் தேவனும் இருக்கின்றார் என்னும் கருத்தில் அவள் மறுமொழி கூறும் இடம் உயர்வானது. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு பெண்ணின் வாயில் இவ்வார்த்தைகளை வைத்தமைக்காகப் பன்யனைப் பாராட்டவேண்டும். ஆயினும் அவள் மனமுடைந்து மரிப்பதே அவளுடைய வெற்றியாகக் காட்டப்படுகின்றது. அவளுடைய பொருளைக் கணவன் அழித்ததற்கு எவரிடம் முறையிடுவது என்ற கேள்வியே எழவில்லை. அவள் சார்ந்த சபை எங்கே போயிற்று? பன்யனின் பெட்ஃபோர்டு சபை தன் அங்கத்தினரின் கடனையும் குடியையும் விசாரித்து ஒழுங்கு நடவடிக்கை எடுத்த சபை. அதன் பதிவேடு இன்றும் இருக்கின்றது. அப்படிப்பட்ட சபையின் மேய்ப்பர், இந்தப் பெண்ணுக்காகச் சபை என்ன செய்திருக்கவேண்டும் என்று எழுதாமல் விட்டது வருந்தத்தக்கது.

நூலின் மிக நுட்பமான இடம், வருந்தத்தக்க வகையில், மிகச் சுருக்கமான இடமாகவும் இருக்கின்றது. துன்மார்க்கனுக்கு ஏழு பிள்ளைகள். ஒரு பிள்ளை தாயின் வழியைப் பற்றிக்கொண்டது. சிலர் தந்தையின் வழியைப் பின்பற்றினர். எஞ்சியவர்களோ இரண்டுங் கெட்டான்கள்: தாயின் கருத்துகளை ஏற்றுக்கொண்டு தந்தையின் செயல்களைச் செய்தவர்கள். நெகேமியாவின் நாளில் பாதி அஸ்தோத் மொழி பேசிய பிள்ளைகளுக்கு ஆசிரியர் அவர்களை ஒப்பிடுகின்றார். உடனே அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றார். இவர்களைப் பற்றியன்றோ அவர் ஒரு நூல் முழுதும் எழுதியிருக்கவேண்டும்! துன்மார்க்கனைப் போல் முழுத் தீயவர் நம் சபைகளில் அரியர். அவனுடைய மனைவியைப் போன்ற பரிசுத்தவான்களும் அரியர். தாயின் விசுவாசப் பிரமாணத்தைத் தப்பின்றி ஒப்புவித்து, தந்தையின் எடைக்கல்லால் நிறுப்போரே ஆலய இருக்கைகளை நிரப்புகின்றனர்; சபைக் குழுக்களில் அமர்கின்றனர்; பொருளாளர் தேர்தலில் நிற்கின்றனர். குருத்துவப் பணியிலுள்ள நாமும் அக்குடும்பத்துக்கு அந்நியர் அல்லோம். வேறொருவர் எழுதிய பிரசங்கத்தைத் தம்முடையதாகப் பேசுவதும், பயணப்படிச் சீட்டில் போகாத ஊரை எழுதுவதும் எந்த மொழியைச் சேர்ந்தவை? இப்பிள்ளைகளின் உள்ளத்தில் கருத்தும் செயலும் எவ்வாறு ஒன்றையொன்று காணாமல் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்பதைப் பன்யனின் கூரிய கண் ஆராய்ந்திருக்குமானால் நம் இறையியலுக்கு அஃது ஈடற்ற செல்வமாயிருக்கும்.

நோயினால் வரும் மனந்திரும்புதலைப் பற்றிய பகுதி அதற்கு ஒருவாறு ஈடுசெய்கின்றது. நோய்ப்படுக்கையில் துன்மார்க்கன் அழுகின்றான், வாக்குறுதி தருகின்றான், மனைவியை அன்போடு அழைக்கின்றான். பிழைத்தெழுந்ததும், அந்தப் பயம் நோயாலும் தூக்கமின்மையாலும் மூளையில் எழுந்த மயக்கமே என்று மருத்துவர் விளக்குகின்றார். அவ்விளக்கம் அவனுக்கு எத்துணை ஆறுதல்! பழைய வாழ்வுக்குத் திரும்பிவிடுகின்றான். மருத்துவமனைகளில் ஜெபிக்கச் செல்லும் போதகர் எவருக்கும் இக்காட்சி பழக்கமானதே.

கடைசியாக மரணம். முதல் மனைவி இறந்தபின் துன்மார்க்கன் குடிமயக்கத்தில் ஓர் ஒழுக்கங்கெட்டவளை மணந்து, உள்ளதையெல்லாம் அவளோடு அழித்து, வறியவனாகி, பல நோய்கள் ஒன்றுசேர இறக்கின்றான். கவனமுள்ளோன், அவன் எப்படி இறந்தான் என்று கேட்கின்றார். இவ்வளவு தண்டனைக் கதைகளைக் கேட்ட வாசகன் இடியையும் மின்னலையும் எதிர்பார்க்கின்றான். ஞானவானின் விடை: ஓர் ஆட்டுக்குட்டியைப் போல, ஞானஸ்நானம் பெற்ற பச்சிளங் குழந்தையைப் போல, அமைதியாக, அச்சமின்றி இறந்தான். இந்த ஓரிடத்தில் பன்யன் தாம் சேர்த்த கதைகள் அனைத்தையும் தாமே மறுத்துவிடுகின்றார் என்பது நம் துணிபு. நீதியின் கணக்கு இவ்வுலகில் தீர்க்கப்படுவதில்லை என்று 73ஆம் சங்கீதக்காரன் கண்டு கலங்கியதை அவர் மழுப்பாமல் எழுதுகின்றார். அமைதியான மரணம் பக்திக்குச் சான்றன்று. பாவத்தை உணராத இருதயத்தின் அமைதி நியாயத்தீர்ப்பாகவும் இருக்கக்கூடும் என்று ஞானவான் விளக்குகின்றார். இங்கே கலைஞனும் போதகரும் ஒருவராய் நிற்கின்றனர்.

முன்னுரையிற் பன்யன், பெரிய மனிதரின் அடக்கத்திற் செய்யப்படும் சடங்குகளை ஒவ்வொன்றாகக் கூறி, துன்மார்க்கனுக்கு அவற்றை ஒருவகை ஏளனத்தோடு பொருத்துகின்றார். அவற்றுள் ஒன்று அடக்கப் பிரசங்கம். இந்நூல் முழுவதுமே அவனுக்குரிய அடக்கப் பிரசங்கம் என்று கொள்ளலாம். அவ்வாறாயின் அது நம்மில் எவரும் துணிந்து பேசாத பிரசங்கம். சபைக்கு மணிக்கூண்டு கட்டிக்கொடுத்தவரின் பெட்டிக்கு முன் நிற்கும் ஆயர், அவர் அமைதியாகக் கண்மூடினார் என்று சொல்லலாம். அஃது உண்மையாகவும் இருக்கலாம். அவர் கடையில் நிறுத்து வாங்கியவர்கள் பின்வரிசையில் அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.